நாற்பது பட்டன் நடை

அன்பு மகள் வாலுவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் நலம். வழக்கமாக இந்த வரியைப் பேனா தானாகவே எழுதிவிடும், இந்தத் தடவை ரத்தச் சோதனைச் சீட்டை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து எழுதுகிறேன், அதனால் நீ தாராளமாக நம்பலாம். நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேலையும் வீடுமாக நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுவில் நாலு கேள்வி கேட்பாய், நான் பின்னால் சொல்ல வேண்டியதை முன்னால் உளறிவிடுவேன், அப்புறம் நீ பயந்துபோய் லீவு போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாய். அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டுத்தான் போன் செய்ய வேண்டும், பாதியில் அடித்தால் நான் எடுக்கப் போவதில்லை.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குளிர் ஆரம்பிக்கிற சமயத்தில் அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனதை உன்னிடம் கண்ணாடி மாற்றத்தான் என்று சொன்னேன். கண்ணாடி இல்லை. இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் நன்றாக முற்றியிருந்தது. ஆபரேஷன் சின்னதுதானாம், ஆனால் சர்க்கரை இந்த அளவில் இருக்கும்போது கண்ணில் கைவைக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று மாதச் சராசரி பார்க்கிற சோதனை ஒன்று இருக்கிறதே, அதில் அப்பாவுக்குப் பத்து புள்ளி நாலு. அது எட்டுக்குக் கீழே வந்தால்தான் தேதி கொடுப்பாராம். மாத்திரையை மாற்றினார், சாப்பாட்டில் பாதியைப் பிடுங்கினார், தினமும் நடக்கச் சொன்னார். எங்கே போய் நடப்பது. வெளியே தெரு முழுக்க ஒரே வழுக்கல், மூட்டத்தில் எதிர்வீட்டுக் கதவே தெரிவதில்லை, இவருக்கோ நடைபாதை எங்கே முடிந்து ரோடு எங்கே ஆரம்பிக்கிறது என்பது கால் இடறின பிறகுதான் தெரியும். "வீட்டுக்குள்ளயே நடக்க வைங்கம்மா, தெருவுக்கு அனுப்பாதீங்க, இடுப்பு எலும்ப உடைச்சுக்கிட்டு வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவளிடம் ஓர் ஆளையும் மூன்று மாதத்தையும் ஒப்படைத்தால் என்ன நடக்கும். வீட்டுக்கு வந்த கையோடு அலமாரியின் அடித்தட்டைக் குடைந்து விசிலை எடுத்து வெந்நீரில் கழுவிவைத்தேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு முன்னறையில் முதல் வகுப்பு. டெய்லர் அப்பாவின் தையல் மெஷினைச் சுவரோரம் தள்ளி, துணி வெட்டுகிற மேஜையை மூலைக்கு நகர்த்தி, நடுவில் ஒரு போர்வை அளவுக்கு இடம் பிடித்தேன். அப்பா ஒரு ஸ்வெட்டர், அதற்குமேல் இன்னொரு ஸ்வெட்டர், காதுவரைக்கும் தொப்பி, இரண்டு கையும் அக்குளுக்குள், வராத பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி வந்து நின்றார். எனக்குத்தான் போன வருடம் கணுக்கால் பிசகியதிலிருந்து அதிக நேரம் நிற்க முடியாதே, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு விசில் ஊதினேன். கையைத் தூக்கு, கையை இறக்கு. இரண்டுவரைக்கும் எண்ணிக்கை அழகாகப் போயிற்று, மூன்றில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது, நாலில் டீ ஞாபகம் வந்துவிட்டது. சரி, நின்ற இடத்திலேயே ஓடுங்கள் என்றேன், இவர் ஓடினாரோ இல்லையோ சமையலறை அலமாரியில் இருந்த டம்ளரெல்லாம் ஓடின. ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, அழைப்பு மணி. கீழ்வீட்டு நர்ஸ், கண் இரண்டும் சிவந்துபோய், தலையில் போர்வையோடு நிற்கிறாள். "அக்கா, ராத்திரி பூரா வார்டுல நின்னுட்டு இப்பத்தான் வந்து படுத்தேன், கூரை இடிஞ்சு தலைல விழற மாதிரி இருக்கு" என்றாள். உன் அப்பா முகத்தில் வந்த நிம்மதியை நீ பார்த்திருக்க வேண்டும். "பாவம் அந்தப் பொண்ணு, நாம இத நிறுத்திடலாம்" என்றார். அவருக்குள் இவ்வளவு இரக்கம் இருப்பது முப்பத்தாறு வருடமாக எனக்குத் தெரியாமலே போய்விட்டது. நான் விடவில்லை, அவளையே உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். கேட்டதும் கோபமெல்லாம் போய், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் குதியுங்கள் என்று நேரம் ஒதுக்கிக் கொடுத்தாள், தன் லீவு நாளில் தானே வந்து விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்துச் சொல்கிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தச் சமயத்தில்தான், அப்பா சர்க்கரைக்காக நடக்கிறார் என்று மட்டும் நான் சொன்னதைக் கேட்டு நீ அனுப்பிய கைப்பட்டை வந்து சேர்ந்தது. அது எத்தனை அடி நடந்தார் என்று எண்ணும், அந்த எண்ணிக்கை உன் போனிலும் தெரியும் என்றாயே, எனக்குப் பெரிய பலம் வந்த மாதிரி இருந்தது. முதல் வாரம் இரண்டாயிரம் மூன்றாயிரம் என்று தடவிக்கொண்டு போயிற்று, அடுத்த வாரம் ஆறாயிரம், அதற்கடுத்து எட்டாயிரம். நீ போன் செய்து "அப்பா, கலக்குறீங்க" என்றாய், இவரும் மேடையில் பரிசு வாங்குகிறவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார். நீ அதை அத்தையிடமும் சொல்ல, அவள் என்னைக் கூப்பிட்டு "எங்க அண்ணன் இந்த வயசுலயும் பாருங்க அண்ணி, உங்களால முடியுமா" என்று கேட்டாள். எனக்கு மட்டும் கணக்கு உதைத்தது. நாலு மணி வகுப்பே இருபது நிமிஷம், அதில் பதினைந்து நிமிஷம் வாதாடல், எட்டாயிரம் அடி எங்கிருந்து வருகிறது. ஒருநாள் டீ கொண்டுபோய்க் கொடுக்கும்போதுதான் பிடித்தேன். ஒரு பெரிய திரைச்சீலையை மடியில் போட்டுக்கொண்டு ஓரம் மடித்துக் கையால் தைத்துக்கொண்டிருக்கிறார், பட்டை கட்டின கை நூலோடு மேலே போகிறது கீழே வருகிறது, ஒவ்வொரு தையலுக்கும் அது ஓர் அடி என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. நீ சந்தோஷப்பட்ட எட்டாயிரத்தில் ஆறாயிரம் அந்தத் திரைச்சீலை நடந்தது. கையில் கட்டக் கூடாது என்று சட்டம் போட்டேன், மூன்றாம் நாளே கணுக்காலில் கட்டிக்கொண்டு காலால் மிதிக்கிற தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டார். கேட்டால், "கால் அசைஞ்சா நடைதானே டீச்சர், தரை நகரலன்னா அதுக்கு நான் என்ன பண்றது" என்கிறார். மாட்டிக்கொள்ளும்போது மட்டும் நான் டீச்சர். பதினோராயிரம் என்று உனக்கு வந்து நீ பயந்துபோய் "அப்பாவ மெதுவா நடக்கச் சொல்லும்மா" என்றாயே, அன்று அவர் சாப்பிடவும் கழிவறைக்கும் தவிர ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. அதே வாரம் நர்ஸ் வந்து விரலில் குத்தினாள். இருநூற்றுத் தொண்ணூறு. அவள் ஒருதரம் மீட்டரைப் பார்த்தாள், ஒருதரம் பட்டையைப் பார்த்தாள். "அண்ணா, ரத்தம் உங்களோடது, அது தெரியுது. கால் யாரோடது" என்றாள்.

அதற்குள் ஆறு வாரம் போய்விட்டது. எனக்குப் பயமும் வந்துவிட்டது கோபமும் வந்துவிட்டது, எனக்கு இரண்டும் சேர்ந்து வந்தால் விசில் சத்தம்தான் அதிகமாகும். காலையில் மெதுநடை, சாயங்காலம் குதி, சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எழு என்று சுவரில் அட்டவணை எழுதி ஒட்டினேன். அவர் எதிர்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார், சொன்னதைச் செய்வார், ஆனால் ஆள் அங்கே இருக்க மாட்டார். நான் அதை ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய கஷ்டம் வேறு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் காலையில் எழுந்ததும் பத்து ஊசியில் நூல் கோத்துக் குஷனில் குத்திவைப்பது நான்தான், சாயங்காலம் பத்தும் தீர்ந்துபோனால் குஷனோடு வந்து அடுக்களை வாசலில் நிற்பார், நான் இன்னும் நாலு கோத்துக் கொடுப்பேன். அந்த வாரம் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர் ஒரு கோட்டுக்குத் துணி கொடுத்திருந்தார், யாரோ கொடுத்தது, நல்ல கனத்த சாம்பல் நிறத் துணி, அதற்குமேல் கூட ஒரு சாண் துணி கிடையாது. சாயங்காலம் நாலு மணி ஆயிற்று, விசில் ஊதினேன், வரவில்லை. மறுபடி ஊதினேன். எழுந்துபோய்ப் பார்த்தால் மேஜை முன்னால் நின்றுகொண்டிருக்கிறார், கோட்டின் இடதுபக்கத் துண்டு அவர் கையில் இருக்கிறது, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். சாக்பீஸ் கோட்டுக்கு முக்கால் அங்குலம் உள்ளே தள்ளி, மேலிருந்து கீழ்வரை ஒரே நேராக வெட்டியிருந்தார். வெட்டு என்னவோ அவ்வளவு சுத்தம். "கோடு ரெண்டா தெரிஞ்சுது டீச்சர். நான் ஒண்ண எடுத்துக்கிட்டேன்" என்றார். இந்தத் தடவை டீச்சர் என்றதில் கிண்டல் இல்லை. பக்கத்தில் நின்று அந்தத் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன், எதற்குப் பிடித்தேன் என்று தெரியாது. தையல் ஆரம்பித்த நாளிலிருந்து அடுத்தவர் துணியை அவர் கெடுத்ததே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தானே பஸ் டிரைவருக்குப் போன் செய்து, ஒன்றையும் மறைக்காமல், என் கண் சரியில்லை, உங்கள் துணியைத் தப்பாக வெட்டிவிட்டேன் என்று சொன்னார். அந்த மனுஷன் நல்ல மாதிரி. "கைக்குன்னு வச்ச துணி இருக்குல்ல, அதுல முன்பக்கத்த வெட்டி கையில்லாத கோட்டா தச்சுக் குடுங்க, எனக்கும் ஸ்டியரிங் பிடிக்க வசதி" என்றாராம். அப்பா சிரித்தார், போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

மறுநாள் காலையில் நான் எழுந்து வரும்போது அவர் இன்ச் டேப்போடு தரையில் குனிந்து வீட்டை அளந்துகொண்டிருந்தார். வாசல் கதவிலிருந்து, முன்னறை, நடை, சமையலறை வாசல், படுக்கையறை ஜன்னல்வரை நாற்பத்தோரு அடி. நான் விசிலை எடுத்தேன். "அத உள்ள வைம்மா. இது என் கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்றார், கோபமாகக்கூட இல்லை. பட்டன் டப்பாவிலிருந்து ஒரே மாதிரி நாற்பது கோட்டு பட்டனைப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டு வாசல் பக்கம் வைத்தார், காலிக் கிண்ணம் ஒன்றைப் படுக்கையறை ஜன்னலில் வைத்தார். ஒரு நடைக்கு ஒரு பட்டன், கண் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும், ஏமாற்ற நினைத்தாலும் பட்டன் தானாக நடந்துபோகாது. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் நாற்பது பட்டனும் இடம் மாற வேண்டும் என்பது அவரே போட்டுக்கொண்ட கணக்கு. அதோடு விட்டாரா, தையல் சாமானையெல்லாம் வீடு முழுக்கப் பிரித்து வைத்துவிட்டார். இஸ்திரிப் பெட்டி சமையலறைக் கோடியில், கத்தரிக்கோல் படுக்கையறை அலமாரியில், நூல் சுற்றின பாபின் எல்லாம் குளியலறை ஜன்னல் விளிம்பில், சாக்பீஸ் மருந்துப் பெட்டிக்குள். ஒரு பேண்ட்டைத் தைத்து முடிப்பதற்குள் வீட்டை எத்தனை தடவை சுற்றுகிறார் என்று எண்ணிப் பார்த்து எனக்கே தலை சுற்றியது. பல் விளக்கப் போனால் பாபின் உருண்டு வருகிறது, தலைவலி மாத்திரை தேடினால் நீல சாக்பீஸ் கிடைக்கிறது. முன்பெல்லாம் இருந்த இடத்திலிருந்தே "அத எடு, இத எடு" என்று குரல் கொடுப்பார், இப்போது நான் எடுத்துக் கொடுக்கப் போனால் "என் நடையத் திருடாத" என்கிறார். முதுகை நிமிர்த்துங்கள், கையை வீசுங்கள் என்று நாக்கு நுனிவரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன், அந்த வாரம் நான் விழுங்கினதையெல்லாம் சேர்த்தால் ஒரு வேளைச் சாப்பாடு ஆகியிருக்கும்.

அப்படி நான் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருநாள் நர்ஸ் எடை பார்க்கிற மெஷினைக் கொண்டுவந்தாள். அப்பா இரண்டரை கிலோ குறைந்திருந்தார். "அக்கா, நீங்களும் ஏறுங்க" என்றாள், எனக்கெதற்கு என்றேன், விடவில்லை. நான் நாலு கிலோ ஏறியிருந்தேன். வாலு, உன் அப்பா சிரிக்கவில்லை, அதுதான் அதைவிட மோசம். மெதுவாக ஒரு பட்டனை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்து, என்னைத் தாண்டிப் போகும்போது, "பி.டி. டீச்சர் நாற்காலில, டெய்லர் மைதானத்துல" என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து எனக்கும் ஒரு கிண்ணம். கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டு பத்து பட்டனில் ஆரம்பித்தேன், என்னுடையது வெள்ளைச் சட்டை பட்டன், கலந்துபோகக் கூடாதாம். நம் வீட்டு நடையில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் போக முடியாதே, அதனால் அவர் அந்தப் பக்கத்திலிருந்து வருவார், நான் இந்தப் பக்கத்திலிருந்து போவேன், சமையலறை வாசலில் எதிரெதிரே வருவோம். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு வார்த்தை. "சௌக்கியமா", "இப்பத்தான் பாத்தோம்", "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா", "வீட்டுக்காரர்தான் கொஞ்சம் மோசம்". இவ்வளவு வருஷத்தில் ஒரே நாளில் இத்தனை தடவை நாங்கள் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டதே கிடையாது.

மூன்று மாதம் முடிந்து சோதனைக்குப் போனோம். எட்டு புள்ளி ஒன்பது. டாக்டர் பாராட்டினார், ஆனால் தேதி கொடுக்கவில்லை, இன்னும் ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே பயம், அப்பா இத்தோடு விட்டுவிடுவாரோ என்று. வீட்டுக்குள் நுழைந்தார், கோட்டைக்கூடக் கழற்றவில்லை, கிண்ணத்தில் கைவிட்டு முதல் பட்டனை எடுத்தார். நான் கதவைத் தாழ் போட்டுவிட்டு என் கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன். அந்த ஆறு வாரமும் எப்படிப் போயிற்று என்றால், நடுவில் நாலு நாள் சளி, ஒருநாள் யாரோ பரிசாகக் கொடுத்த கேக்கை நான் ஒளித்துவைத்து அவர் கண்டுபிடித்து, கண் தெரியாத மனுஷனுக்கு அது மட்டும் எப்படித் தெரிந்தது என்று ஒரு சண்டை, அப்புறம் அவரே அதை நர்ஸுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தது, இப்படி. கடைசியில் ஏழு புள்ளி எட்டு வந்தது. சீட்டைப் பார்த்ததுமே டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். போன செவ்வாய்க்கிழமை வலது கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று, அரை மணி நேரம்கூட ஆகவில்லை, நர்ஸ் தன் தூக்கத்தை விட்டுவிட்டு எங்களோடு வந்து உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். அப்பா முதலில் சுவரைப் பார்த்தார், டாக்டர் சட்டையைப் பார்த்தார், அப்புறம் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எவ்வளவு நாளா இந்த ஸ்வெட்டர் முழங்கைல ஓட்டை" என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து போன ஒரு வருஷம் எனக்குத் தைத்துக் கொடுத்ததையெல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு, பட்டன் மாட்டுகிற காஜா எல்லாம் கோணல் என்று அவரே தலையில் அடித்துக்கொண்டார், இன்னும் பத்து நாள் ஊசி தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் நான் எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். இடது கண் அடுத்த குளிருக்கு முன்னால்.

இவ்வளவையும் உன்னிடம் மறைத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீ வேலையை விட்டு ஓடிவந்துவிடுவாய் என்று அப்பாதான் சொல்ல வேண்டாம் என்றார், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது, இப்போது எழுதும்போது அவ்வளவு சரியில்லை என்றும் படுகிறது. கோபம் வந்தால் என்னிடம் காட்டு, அவரிடம் காட்டாதே. உன் ஊரில் எங்களைவிடக் குளிர், காலையிலிருந்து சாயங்காலம்வரை நாற்காலி என்று சொல்கிறாய், எங்களோடு போனில் பேசுகிற அரை மணி நேரமாவது எழுந்து அறைக்குள் நடந்துகொண்டே பேசு, மூச்சு வாங்கினால் நான் கண்டுகொள்வேன், சொன்னபடி செய்கிறாய் என்று புரிந்துகொள்வேன். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. நான் வாங்கி அனுப்பின தடித்த சாக்ஸை அப்படியே உறையோடு வைத்திருப்பாய், எடுத்துப் போட்டுக்கொள். கைப்பட்டையை நான் கட்டிக்கொண்டிருக்கிறேன், இனி உன் போனில் வருகிற எண் என்னுடையது, ஆயிரத்து எண்ணூறு என்று வந்தால் சிரிக்காதே. எந்தக் குறையும் இல்லாமல், நோய்நொடி அண்டாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் மனசார வாழ்த்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் கூப்பிடு. அப்பா தானும் எழுதவேண்டும் என்று தோள்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.

என்றும் உன் நினைவாக,
அம்மா

வாலு, அப்பா எழுதுகிறேன். அம்மா எழுதியதை மேலிருந்து கீழ்வரை நானே படித்துவிட்டேன். கேக் விஷயத்தில் அவள் சொல்வது பாதிதான், மற்றதெல்லாம் நிஜம். போன மாதம் நீ ஒரு படம் அனுப்பினாயே, பார்த்தேன், அழகாக இருக்கிறாய் என்று போனில் சொன்னேனே, அது பொய், அன்றைக்கு எனக்கு அதில் ஒரு மஞ்சள் நிறம்தான் தெரிந்தது. இன்று காலையில்தான் பார்த்தேன். இளைத்திருக்கிறாய். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருக்கிறது. சிரிக்கிறாய், ஆனால் தூங்கின முகமாகத் தெரியவில்லை. என்னவென்று என்னிடம் சொல்லலாம், அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, அவள் டீ போட உள்ளே போயிருக்கிறாள், வருவதற்குள் உறையை ஒட்டிவிடுகிறேன்.

அப்பா